நாத்தனார் முடிச்சு

கல்யாணம் பண்ணிக்கொண்டு கெட்டவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஒரே ஆளை இரண்டு தரம் கல்யாணம் பண்ணிக்கொண்டு கெடப் பார்த்தவர்கள், எனக்குத் தெரிந்து, நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் இருந்த சோலைமலையும் அவன் பெண்டாட்டி சண்முகவடிவும்தான்.

முதல் கல்யாணம், யுத்தம் முடிகிற வருஷத்துத் தை மாதம், தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்கு முன்னால் நடந்தது. மேளம் அடித்தார்கள், தாலி கட்டினான், பந்தி போட்டார்கள். ஒரு கல்யாணத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்று அந்த மலையில் யாரும் யோசித்ததில்லை. இரண்டாவது கல்யாணம் மூன்று பிள்ளை பெற்ற பிறகு ஹட்டனில், விவாகப் பதிவுகாரருடைய மேசைக்கு முன்னால் நடந்தது. மாப்பிள்ளை தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பட்ட விரலுக்குக் கட்டுப் போட்டிருந்தார். பெண்ணின் இடுப்பில் கைப்பிள்ளை வீறிட்டுக்கொண்டிருந்தது. கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டு வைத்து, ஆளுக்கொரு பிளேன்டீ குடித்துவிட்டு பஸ் ஏறினார்கள்.

அந்த யோசனை தோட்டப் பள்ளிக்கூடத்து இக்னேசியஸ் வாத்தியாருடையது. நல்ல மனிதர், ஒருவருக்கும் கெடுதல் நினைக்கத் தெரியாதவர். கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் கோவிலில் தாலி கட்டிய கையோடு பெரிய புத்தகத்தில் பெயர் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கல்யாணம் என்றால் அதற்கு ஒரு காகிதம் இருக்கும் என்பது அவருக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அதனால், பிரஜாவுரிமை மனுவுக்கு விசாரணை வரப்போகிறது என்று தெரிந்ததும், “மொதல்ல போயி கல்யாணத்தப் பதிஞ்சிட்டு வாங்க சோலைமல, காயிதம் கையில இருந்தா ஒருத்தன் ஒன்னும் கேக்க முடியாது” என்று சொல்லிவிட்டார். இவர்களும் போய்ப் பதிந்துகொண்டு வந்தார்கள். வினை அங்கேதான் பிடித்தது.

இந்தியாவிலிருந்து வந்த தோட்டத்து ஜனங்கள் இந்த நாட்டுப் பிரஜையாக வேண்டுமானால் மனுப் போட வேண்டும் என்று சட்டம். கல்யாணமானவர்கள் என்றால், நாற்பத்தாறாம் வருஷம் பிறக்கும் முன் ஏழு வருஷம் இந்த நாட்டிலேயே தங்கியிருந்தால் போதும். கல்யாணமாகாதவர்கள், துணையைப் பறிகொடுத்தவர்கள், தீர்த்துவிட்டவர்கள் எல்லோருக்கும் பத்து வருஷம். ஏன் அப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். பெண்டாட்டி உள்ளவன் எங்கே ஓடிவிடப் போகிறான் என்று நினைத்தார்களோ என்னவோ. சோலைமலை கப்பல் ஏறி வந்து அப்போது எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. ஏழுக்கு எட்டு தாராளம், பத்துக்கு எட்டு பத்தாது. ஆகவே அவன் இந்த நாட்டுக்காரனா இல்லையா என்ற பெரிய கேள்வி, சண்முகவடிவு அவனுக்குப் பெண்டாட்டியா இல்லையா என்ற சின்னக் கேள்வியில் வந்து நின்றது. அவள் பெயரும் பிள்ளைகள் பெயரும் அவனுடைய மனுவுக்குள்ளேதான் இருந்தன. அவன் போனால் எல்லோரும் போக வேண்டியதுதான்.

முதல் விசாரணையில் அந்தப் புதுக் காகிதத்தைச் சோலைமலை பெருமையாக எடுத்து நீட்டினான். விசாரணை நடத்திய அதிகாரி வயதானவர், சிங்களவர். மூக்கில் சளியோடு கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தார். பிறகு மொழிபெயர்க்கிற கணேசமூர்த்தி என்பவரிடம் ஏதோ சொன்னார். கணேசமூர்த்தி யாழ்ப்பாணத்துக்காரர், தன்மையாகப் பேசுகிறவர்.

“நீர் மனுப் போட்டது ஐம்பத்தோராம் ஆண்டு. அதிலை கலியாணம் முடிச்சவன் எண்டு எழுதியிருக்கிறீர். ஆனா உம்மடை பத்திரம் ஐம்பத்துநாலிலை முடிச்சதாச் சொல்லுது. அப்ப, மனுப் போட்ட அண்டைக்கு நீர் கலியாணமாகாத ஆள். உமக்குப் பத்து வருசம் வேணும் எண்டு ஐயா சொல்லுறார்.”

பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களும் காலை வாரின. தாய் தகப்பன் கல்யாணமானவர்களா என்று கேட்ட இடத்தில், தோட்டத்தில் பதிந்தவன் மூன்றிலும் ‘இல்லை’ என்று எழுதி வைத்திருந்தான். பதியாத கல்யாணம் அவனுக்குக் கல்யாணமே இல்லை. லயத்து வரிசை வீடுகளிலிருந்து கூட்டிப் போன நாலு சாட்சிகளும் ஒரே வார்த்தையை ஒரே மாதிரி ஒப்பித்தார்கள். எல்லாத் தோட்டத்திலிருந்தும் இப்படித்தான் ஒப்பித்துவிட்டுப் போகிறார்கள் என்று அதிகாரி பேனாவை மூடப் போனார். தாலி கட்டி வைத்த பூசாரி செத்துப்போயிருந்தார். இரண்டு பேருடைய தாய் தகப்பனும் உயிரோடு இல்லை.

அப்போதுதான் சண்முகவடிவு யாரும் கேட்காமலே எழுந்து நின்றாள்.

“அய்யா, இவரு ஒரு முடிச்சுதாங்க போட்டாரு. மத்த ரெண்டு முடிச்சும் இவுங்க அக்காதான் போட்டாங்க. எங்க வழக்கம் அதுதாங்க. நாத்தனா முடிச்சு போடாம தாலி ஏறாதுங்க.”

அதிகாரி முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார். அந்த அக்கா எங்கே, ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்கச் சொன்னார். மஸ்கெலியாப் பக்கம் ஊசிமலைத் தோட்டத்தில் இருக்கிறாள் என்றாள். ஏன் கூட்டி வரவில்லை என்பதற்கு அவளிடம் பதில் இருந்தது, சொல்லத்தான் வாய் வரவில்லை. அடுத்த மாதம் அவளோடு வாருங்கள், வராவிட்டால் காகிதத்தில் உள்ளபடி தீர்ப்பு எழுதிவிடுவேன் என்று அதிகாரி சொல்லி அனுப்பினார்.

அன்றிலிருந்து சண்முகவடிவுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. கொழுந்து மலையில் நிரையை விட்டு நிரை மாறிப் போய் கங்காணியிடம் ஏச்சு வாங்கினாள். அடுப்பில் வைத்ததை மறந்தாள். வாசலுக்குப் போவாள், உள்ளே வருவாள், உடனே மறுபடி வாசலுக்குப் போவாள். லயத்தில் யாராவது “இந்தியாவுக்குப் போயிருவீங்களாமே” என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். இந்தியா அவளுக்கு வரைபடத்தில்கூடத் தெரியாது. அவள் பிறந்தது இதே தோட்டத்தில், இரண்டு லயம் தள்ளி. மூத்தவள் சுந்தரிக்கு மழை நேரத்துக் கொழுந்து வாசம் பிடிக்கும், வெயில் பட்டால் மூக்கில் ரத்தம் வரும். அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் எந்தப் பொட்டலில் வைப்பது?

சோலைமலை ஒன்றும் சொல்லாமல் திண்ணென்று இருந்தான். அவன் எப்போதும் அப்படித்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் அந்த ஆத்திரம் நியாயமில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அன்றைக்குப் பேசியது அவள்தான்.

ராக்காயி சோலைமலைக்கு உடன் பிறந்த அக்கா. தாய் தகப்பனோடு இரண்டு பேரும் ஒரே கப்பலில் வந்தவர்கள். அவள் புருஷன் ஆண்டியப்பன் ரோட்டு வேலைக்காரன், ஆட்டமும் பாட்டுமாக இருப்பவன். சண்முகவடிவின் கல்யாணத்தில் பந்தி முழுவதையும் அவன்தான் சிரிக்க வைத்தான். நாற்பத்தேழாம் வருஷத்துப் பெருமழையில் மண் சரிந்து அவனை மூடிவிட்டது. ராக்காயிக்குப் பிள்ளை கிடையாது. அடுத்த வருஷம் சுந்தரிக்குக் காது குத்தினார்கள். ராக்காயி ஊசிமலையிலிருந்து ஒரு ஜோடி வெள்ளிக் காப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். மாமன் முறைக்காரர் மடியில் பிள்ளை உட்கார்ந்ததும், காப்பைப் போடுகிற ஆசையில் எல்லோரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“மதினி, நல்ல காரியம் நடக்குற எடத்துல முன்னாடி வந்து நிக்காதீங்க. பின்னாடி போங்க” என்று சண்முகவடிவு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

ராக்காயி காப்பை அங்கேயே பாயின் ஓரத்தில் வைத்துவிட்டு, வந்த வழியே நடந்து போனாள். சாப்பிடக்கூட இல்லை. அதற்குப் பிறகு இந்தப் பக்கம் அவள் காலடி படவில்லை. பிள்ளைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்ற பயத்தில் சொன்னேன் என்று சண்முகவடிவு தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் அது சரியாகத்தான் படும், படுத்த பிறகுதான் குத்தும்.

இப்போது அதே கை போட்ட முடிச்சுதான் அவள் குடும்பத்தை இந்த மண்ணில் கட்டிப்போட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காப்பைத் தகரப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் குறுக்குப் பாதையில் பாதி மலையை நடந்தே ஏறி, வழியில் வந்த லொறியில் தொற்றி மஸ்கெலியா போய்ச் சேர்ந்தாள். வழி நெடுக என்ன பேசுவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ‘மன்னிச்சிருங்க மதினி’ என்று ஆரம்பிக்கலாம். எடுத்த எடுப்பில் காலில் விழுந்துவிடலாம். ஊசிமலைக்கு ஏறுகிற பாதையில், இரண்டையுமே செய்ய மாட்டோம் என்று தோன்றிவிட்டது.

கொழுந்து முற்றிவிடும் என்று ஊசிமலையில் அன்றைக்கு லீவிலும் அவசரக் கொழுந்து எடுத்தார்கள். மடுவத்துத் தராசில் கொழுந்து நிறுத்துவிட்டு வெற்றுக் கூடையோடு வந்த ராக்காயி அவளைப் பார்த்ததும் நின்றாள். முன்னைக்கு இப்போது இளைத்துப் போயிருந்தாள்.

“என்னா, வழி தப்பி வந்துட்டியா?”

“ஒங்களப் பாக்கத்தான் வந்தேன் மதினி.”

“தம்பி வரலியா?”

“அவருக்கு மொகம் இல்லீங்க.”

“ஒனக்கு இருக்காக்கும்” என்று சொல்லிவிட்டு ராக்காயி முன்னால் நடந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. சண்முகவடிவு பின்னாலேயே போனாள்.

காம்பராவில் ராக்காயி தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். ஒற்றை ஆள் வீடு, நாலு பாத்திரம், ஒரு பாய். மூலையில் பச்சை வர்ணம் அடித்த புதுத் தகரப் பெட்டி ஒன்று பூட்டோடு இருந்தது. பரவாயில்லை, மதினி வசதியாகத்தான் இருக்கிறாள் என்று நினைத்துச் சண்முகவடிவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகு தயங்கித் தயங்கி விசாரணைக் கதையைச் சொன்னாள். ராக்காயி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அப்ப அந்த அய்யா என்னாதான் கேக்குறாரு?”

“மனுப் போட்டப்ப இவரு கல்யாணம் ஆனவரான்னுதான் கேக்குறாங்க. ஆகியிருந்தா ஏழு வருசம் போதுமாம்.”

“இல்லேன்னா?”

“பத்து.”

ராக்காயி சிரித்தாள். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று சண்முகவடிவுக்கு விளங்கவில்லை. கோபமாகக்கூட வந்தது. அடக்கிக்கொண்டு முந்தானை முடிச்சை அவிழ்த்து, காப்பு ஜோடியை எடுத்துப் பாயில் வைத்தாள்.

“இத எதுக்குக் கொண்டாந்த?”

“ஒங்க கையால நீங்களே வந்து போட்டு விடுங்க மதினி.”

“புள்ளைக்கு இப்ப ஒம்பது வயசு இருக்கும்ல? இது அவ பெருவெரலுக்குத்தான் பத்தும்.” ராக்காயி காப்பை எடுத்து ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு அவளிடமே திருப்பித் தள்ளினாள். “சோலையோட அடுத்த தேதி என்னைக்கு?”

சண்முகவடிவு சொன்னாள்.

“நான் வர்றேன்னும் சொல்லல, வரலேன்னும் சொல்லல. பஸ் போயிரும், கெளம்பு.”

அந்த ஒரு பேச்சு மிச்சமிருந்த நாட்களையெல்லாம் நரகமாக்கியது. வருவாள் என்று ஒரு வேளை தோன்றும், ஏன் வரவேண்டும் என்று அடுத்த வேளை தோன்றும். நானாக இருந்தால் வருவேனா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். வர மாட்டேன் என்பதுதான் பதில். இக்னேசியஸ் வாத்தியார் தினமும் வந்து, தன்னால்தான் இப்படி ஆயிற்று என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவரைச் சமாதானப்படுத்துவது தனி வேலையாகப் போயிற்று.

விசாரணை நாளன்று ஹட்டனில் விடாத தூறல். மண்டபத்தில் பல தோட்டத்து ஜனங்கள் பெஞ்சுகளில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஈரக் கம்பளியும் வெற்றிலையும் கலந்த வாடை. வெள்ளைப்பாறையிலிருந்தே மூன்று குடும்பம் வந்திருந்தது. சண்முகவடிவு உட்காரவில்லை. வாசலுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தாள். மஸ்கெலியா பஸ் ஒன்று வந்து நின்றது. இறங்கியவர்களில் ராக்காயி இல்லை. சோலைமலையின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்து, வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நடந்தான்.

“அந்தச் சாட்சி வந்திருக்கோ?” என்று கணேசமூர்த்தி கேட்டார்.

“வந்துட்டேங்க” என்று பின்னாலிருந்து குரல் கேட்டது. ராக்காயி நனைந்த தலையை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் இடமில்லாமல் வேறு வண்டி பிடித்து வந்திருக்கிறாள். சண்முகவடிவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ராக்காயி அவள் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி கேட்கக் கேட்க அவள் பதில் சொன்னாள். தை மாதம். மாரியம்மன் கோவில். தம்பி ஒரு முடிச்சு, நான் இரண்டு. எந்த வருஷம் என்றதும், யுத்தத்தால் அரிசி கூப்பனில் கிடைத்த காலம் என்றாள். இதையெல்லாம் மற்ற சாட்சிகளும் சொன்னார்களே, இதை நான் எப்படி நம்புவது, ஐம்பத்திரண்டிலோ ஐம்பத்துமூன்றிலோ நடந்த கல்யாணமாக இருந்தாலும் நீ இப்படித்தானே சொல்லுவாய் என்று அதிகாரி கேட்டார். கணேசமூர்த்தி அதைப் பக்குவமாகத் தமிழில் சொன்னார்.

“அப்ப நடந்திருந்தா நான் எப்படிங்க முடிச்சுப் போட்டிருப்பேன்?” என்றாள் ராக்காயி. “எம் புருஷன் ஆண்டியப்பன் நாப்பத்தேழுல செத்துட்டாரு. எங்க ஆளுகள்ல தாலி அறுத்தவ இன்னொருத்தி தாலியத் தொட மாட்டா. நான் முடிச்சுப் போட்டேன்னா, அன்னைக்கு என் கழுத்துல தாலி இருந்திச்சுன்னு அர்த்தம்.”

அவள் இடுப்புப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசையில் வைத்தாள். ஆண்டியப்பனின் மரணப் பத்திரம். பல கை பட்டு மடிப்பில் கிழிந்திருந்தது. அதிகாரி அதை விரித்துத் தேதியைப் பார்த்தார். பிறகு கொத்தமல்லித் தண்ணீரை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி கேட்டார். சொந்தத் தம்பி கல்யாணம், அவனுக்கு வேறு அக்கா தங்கை இல்லை. அந்தப் பாசத்தில் வழக்கத்தை மீறி நீ முடிச்சுப் போட்டிருக்கலாம் அல்லவா?

“நான் போட்டிருப்பேங்க. தம்பிக்காக எதுன்னாலும் செய்வேன்.” ராக்காயி அப்போதுதான் திரும்பி, நேராகச் சண்முகவடிவைக் கை காட்டினாள். “இவ விட்டிருக்க மாட்டா. அவகிட்டயே கேளுங்க.”

மண்டபத்தில் அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி அவளை முன்னால் வரச் சொன்னார். கணேசமூர்த்தி கேட்டார்: “இவ விதவையா இருந்திருந்தா, உம்மடை தாலியைத் தொட விட்டிருப்பீரோ? உண்மையைச் சொல்லும் பிள்ளை.”

என்ன பதில் சொன்னால் குடும்பம் பிழைக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பதில் உண்மையாகவும் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

“விட்டிருக்க மாட்டேங்க.”

“அதை எப்பிடி அவ்வளவு நிச்சயமாச் சொல்லுறீர்?”

“எம் மகளுக்குக் காது குத்தினப்ப...” ராக்காயியின் பக்கம் பார்க்காமல் சொன்னாள். “மதினி காப்பு வாங்கிட்டு ஆசையா வந்தாங்க. நான் முன்னாடி வராதீங்க, பின்னாடி போங்கன்னு சொன்னேங்க. எல்லாரு முன்னாலயும் சொன்னேன். தாலி அறுத்தவங்கன்னுதான் சொன்னேன். இப்ப வந்திருக்கவங்கள்லயே அதப் பாத்தவங்க இருக்காங்க.”

வெள்ளைப்பாறைப் பெஞ்சிலிருந்து ஒரு கிழவர், “ஆமாங்க அய்யா, அது நடந்திச்சு” என்று கேட்காமலே சொன்னார். ஒப்பித்த மாதிரி இல்லை அது. பாவம், அவருக்கு வாயை அடக்கத் தெரியவில்லை.

அதிகாரி சற்று நேரம் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் வீட்டிலும் நல்ல காரியங்களில் ஓரமாக நிற்கிற ஒரு அக்காவோ சித்தியோ இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்? பேனாவை எடுத்து நீளமாக எழுதினார். ஆண்டியப்பன் இறந்த தேதிக்கு முன்பே கல்யாணம் நடந்தது என்று ஒப்புக்கொள்கிறேன், ஏழு வருஷம் போதும், மற்றது தபாலில் வரும் என்று சொன்னார். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்ததும் சோலைமலை, அந்தக் கல்லுளிமங்கன், நடுத்தெருவில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ராக்காயி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். சண்முகவடிவுக்கு மனசு ஒரு கணம் லேசாகி, மறுகணம் கனத்தது. காலை எங்கே வைப்பது, கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“வீட்டுக்கு வந்துட்டுப் போங்க மதினி. சுந்தரி ஒங்களப் பாத்தே வருசமாச்சு.”

“இப்ப முடியாது. வேல கெடக்கு.”

“அப்ப தீவாளிக்கு வாங்க.”

ராக்காயி தேத்தண்ணியை ஊதினாள். தூறல் தகரத்தில் சடசடவென்று விழுந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் சண்முகவடிவு அதைக் கேட்டாள்.

“ஒங்க கேசு என்னாச்சு மதினி? நீங்களும் மனுப் போட்டிருந்தீங்கல்ல?”

“அது முடிஞ்சு போச்சு, போன வருசமே.”

“கெடச்சிருச்சா?”

“எப்படிடி கெடைக்கும்?” என்றாள் ராக்காயி, கோபம் இல்லாமல். “தம்பியும் நானும் ஒரே நாள்ல, ஒரே கப்பல்ல வந்து எறங்குனோம். அவனுக்கும் எட்டு வருசம், எனக்கும் எட்டு வருசம். அவனுக்கு ஏழு போதும். நான் தாலி அறுத்தவ இல்லியா, எனக்குப் பத்து வேணுமாம். மண்ணு சரியாம இருந்திருந்தா எனக்கும் ஏழுதான். அந்தச் சாவுக் காயிதத்த அப்பத்தான் அங்கயும் இங்கயும் தூக்கிட்டு அலஞ்சேன். அன்னைக்கு அது என்னையக் கவுத்துச்சு, இன்னைக்கு ஒங்களக் காப்பாத்திருச்சு. பரவால்ல, சும்மா போகல.”

சோலைமலை கிளாஸைக் கீழே வைத்தான். “அப்பீல் போடலாம்க்கா. வாத்தியாரு எழுதித் தருவாரு.”

“வேணாம்டா. ஒங்க வாத்தியாரு எனக்கும் ஒரு கல்யாணத்தப் பதிஞ்சு வச்சிருவாரு.” தானே சிரித்துக்கொண்டாள். “இந்தியா பாஸ்போட்டு வந்திருச்சு. இங்க இருக்க விசா குத்திக் குடுத்திருக்காங்க, ஆடி மாசம் வரைக்கும். அப்புறம் கெளம்பணும். பொட்டிகூட வாங்கிட்டேன்.”

பச்சைப் பெட்டி சண்முகவடிவின் கண் முன்னால் வந்து நின்றது. அதைப் பார்த்து ஆறுதல்பட்டதை நினைத்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“அங்க யாரு மதினி இருக்கா ஒங்களுக்கு?”

“சித்தப்பா மகன் ஒருத்தன் இருந்தான். இப்ப இருக்கானான்னு போனாத்தான் தெரியும்.” ராக்காயி கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள். “நீ எதுக்கு அழுவுற? நீ மட்டுமா சொன்ன? கவுருமெண்டும் அதத்தான் சொல்லுது. தாலி அறுத்தவளா, பின்னாடி போயி நில்லு. ஒன்னய மட்டும் எத்தன நாளைக்குத் திட்டுறது?”

மஸ்கெலியா பஸ் வந்து நின்றதும் ஜனங்கள் முட்டி மோதிக்கொண்டு ஏறினார்கள். ராக்காயி வழக்கம்போல ஒதுங்கி நின்று, கடைசி ஆளாக ஏறிப் பின்பக்கம் போகப் பார்த்தாள். சண்முகவடிவுக்கு என்ன வந்ததோ, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் பாய்ந்தாள். இரண்டு பேரை இடித்துத் தள்ளினாள். ஒருவன் சிங்களத்தில் திட்டினான். டிரைவருக்குப் பக்கத்து முதல் சீட்டில் கையை ஊன்றி யாரையும் உட்கார விடாமல் மறித்துக்கொண்டு, “மதினி, முன்னாடி வாங்க! இங்க, முன்னாடி ஒக்காருங்க!” என்று பஸ் முழுவதும் கேட்கும்படி கத்தினாள்.

எல்லோரும் வழி விட்டார்கள். ராக்காயி மெதுவாக வந்து அந்தச் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. அவள் சண்முகவடிவின் நனைந்த முகத்தைப் பார்த்து, கழுத்தில் முறுக்கிக் கிடந்த தாலிக் கயிற்றை எடுத்து நேராக்கப் போனவள், பாதியில் கையை மடக்கிக்கொண்டாள். சண்முகவடிவு அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் தாலியின் மேலே வைத்துக்கொண்டாள்.

“கப்பல்லயும் இப்படி எடம் புடிச்சுக் குடுப்பியா வடிவு?” என்று ராக்காயி கேட்டாள்.

கண்டக்டர் இறங்கச் சொல்லிச் சத்தம் போட்டான். சண்முகவடிவு அந்தக் கையை விட்டுவிட்டு இறங்கினாள். பஸ் புறப்பட்டது.